பொதிகளும் பெயர்களும்

இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என நன்னூலார் வகுத்த பாகுபாட்டை இளமையிற் கற்ற நாம், அதனை இன்று கணிப்பொறிக்குள்ளும் காண நேர்கிறது.

லினக்ஸ் வழங்கல்களுள் மூத்தவற்றுள் ஒன்றாகிய டெபியன், 1993இல் அயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பெற்றது. தம் பெயரோடு டெப்ரா என்னும் தம் காதலியின் பெயரை இணைத்து அவர் இட்ட பெயர் அது. அதன் மென்பொருள்கள் யாவும் பொதிகளாகக் கட்டப்பட்டு வழங்குகின்றன. பொதிப் பெயரின் நடுப்பகுதி பெரும்பாலும் இடுகுறி, ஒட்டுவன காரணம். முன்னே 'லிப்' என வரின், பிற நிரல்கள் துணைக்கொள்ளும் தொகுதி. பின்னே 'டெவ்' என வரின், நிரல் எழுதுவோர்க்குரியது. ஈற்றில் நிற்கும் எண்ணோ மிக நுட்பமானது. 2021இல் வெளிவந்த 11ஆம் பதிப்பில் 'லிப்எஸ்எஸ்எல்1.1' இருந்தது, 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பில் 'லிப்எஸ்எஸ்எல்3' வந்தது. முன்னதற்கென அமைந்த நிரல் பின்னதனோடு இணங்காது. எண்ணும் பெயரின் உறுப்பாய் இருத்தலின், இரண்டும் ஒரே பொறியிற் பூசலின்றிக் குடியிருக்க இயலும்.

ஆங்கிலச் சிற்றெழுத்துகள், எண்கள், கூட்டற்குறி, கழித்தற்குறி, புள்ளி ஆகியவையன்றிப் பிற எவையும் பொதிப் பெயரில் வரலாகா. ஆதலின் தமிழ் எழுத்துருக்களின் பொதியிலும் தமிழெழுத்து இல்லை. லிப்ரே ஆபிஸின் தமிழ்ப் பொதியில் நம் மொழி 'டி', 'ஏ' என்னும் ஈரெழுத்தாய்க் குறுகி நிற்கிறது. வடபுலத்துப் படிவங்களிற் குடிப்பெயர்க் கட்டத்தை நிரப்பத் தந்தை பெயரை எழுதித் தரும் நமக்கு இக்குறுக்கம் பழகியதே.

ஒரே பெயரை இருவர் வேண்டினால்? பொழுதுபோக்கு வானொலியாளர்களின் சிறு நிரலொன்று 'நோட்' என்னும் பெயரை முன்னரே கொண்டிருந்தது. 2009இல் தோன்றிய நோட்.ஜேஎஸ் தன் கட்டளைக்கும் அப்பெயரையே சூடிக்கொண்டது. வெவ்வேறு பணி செய்யும் இரு நிரல்கள் ஒரே பெயர் கொள்ளலாகாது. உடன்பாடு எட்டாவிடின் இரண்டும் பெயர் மாறுக என்பது டெபியன் விதி. அவ்வாறே 2012இல் தொழில்நுட்பக் குழு இரண்டையும் மாற்றியது. முன்னது 'ஏஎக்ஸ்25-நோட்' ஆயிற்று. பின்னது 'நோட்ஜேஎஸ்' ஆயிற்று. இதில் ஒருதலைச் சார்பு இல்லை. இதுவே நேரிய தீர்ப்பு என்பது நம் கருத்து. எனினும் உலகெங்கும் எழுதப்பெற்ற நிரல்கள் 'நோட்' என்றே அழைத்து வந்தன. 2017இல் குழு அத்தீர்ப்பை நீக்கிற்று. குறும்பெயர் புதியவர்க்கு உரியதாயிற்று. வானொலியாளர்களின் பொதியோ அதற்கு முன்னரே டெபியனிலிருந்து நீங்கியிருந்தது.