சிவகாசி டு மணப்பாடு: ஜோடியாக நடக்க 18 கிலோமீட்டர் கடற்கரை!

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனால், சிவகாசியில் இருந்து சாத்தூர், கோவில்பட்டி, தூத்துக்குடி வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர் போனால் திருச்செந்தூர். அங்கிருந்து தெற்கே ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு என்று கடலை ஒட்டியே சுமார் 18 கிலோமீட்டர் நடக்கலாம். ரிசார்ட் செலவு இல்லாமல் கணவனும் மனைவியும் ஒருநாள் சேர்ந்திருக்க ஆசைப்பட்டால், இந்த நடையை முயன்று பாருங்கள்.

எப்போது போகலாம்?

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு நீண்ட லீவு கிடைப்பது தீபாவளி முடிந்த பிறகுதான். சிக்கலே அங்குதான். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பரில் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கியது நினைவிருக்கும். அதனால், கடற்கரை நடையைத் தை, மாசிக்குத் தள்ளி வையுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும். தைப்பூசம், மாசித் திருவிழா நாள்களில் மட்டும் அறை கிடைப்பது கஷ்டம்.

டென்ட் வேண்டுமா?

ரீல்ஸ் பார்த்துவிட்டு மணலில் டென்ட் போட ஆசை வரும். ஆனால், தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். இரவில் நாம் அடிக்கும் டார்ச் வெளிச்சம் அவற்றை மிரட்டிவிடும்; குஞ்சுகள் கடலுக்குப் போகும் திசையை மறந்துவிடும். பகலில் நடங்கள், இரவில் அறையில் தூங்குங்கள்.

எங்கள் நடை

என் கணவருக்குப் பட்டாசு ஆலையில் வேலை. எனக்கு நியூஸ் டெஸ்க்கில் வேலை. 'சிவகாசி அருகே வெடி விபத்து' என்று அலர்ட் வந்தால், செய்தியை டைப் செய்வதற்கு முன் அவருக்குத்தான் போன் அடிப்பேன். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால், எந்த ஆலை என்று தெரியும்வரை உயிர் கையில் இருக்காது. போன மாசியில் ஒரு நாள் முழுக்க அவர் என் பக்கத்திலேயே நடந்தார். எனக்கு அதுவே பெரிய டூர்!

முதல் நாள் மாலையே திருச்செந்தூர் போய், முருகனைக் கும்பிட்டு, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் உப்புக் கரிக்காத நாழிக்கிணற்றுத் தண்ணீரில் குளித்தோம். மறுநாள் விடியும் முன் கிளம்பினோம். கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலில் இருந்தே எழும்பி வரும். ஆலந்தலையில் படகுகள் கரையேறும் நேரம். மணலில் காயும் வலைகளை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். கேட்டுவிட்டு போட்டோ எடுங்கள்.

வெயில் ஏறும் முன் குலசேகரன்பட்டினம். தசராவுக்குப் பேர்போன முத்தாரம்மன் கோயில் இங்கேதான். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கான இடமும் இந்த ஊரில்தான். வேலி போட்ட இடம் வந்தால் சாலைக்கு ஏறிவிடுங்கள். மதியம் ஓய்வு. பக்கத்து உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுக்கு ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்று, உச்சியில் திருச்சிலுவை ஆலயம். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் குன்றின் அடியில் இருக்கிறது. மேலே ஏறி உட்கார்ந்தால் காற்று ஆளைத் தள்ளும். வீட்டுக் கடன், குழந்தை, வேறு வேலை தேடலாமா என்று மாதக்கணக்கில் பேசாமல் விட்ட எல்லாவற்றையும் அங்கேதான் பேசினோம். முடிவு எதுவும் எடுக்கவில்லை. பேசியதே பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, பழகிய செருப்பு அவசியம். ஆள் இல்லாத இடத்தில் கடலில் இறங்க வேண்டாம். திரும்பி நடக்கத் தெம்பில்லையா? மணப்பாட்டில் இருந்து திருச்செந்தூருக்கு பஸ் இருக்கிறது.