கலைக்காத நாற்று

ஜினியா நாற்றைக் கலைத்துவிட என்னால் ஆவதில்லை. விதைத்த நாலைந்து நாளில் முளைத்துவிடும் செடி. இரண்டிலை விட்டு நெருக்கியடித்து நிற்கும்போதே, செடிக்குச் செடி முக்கால் அடியாவது இடம் விட்டு மிச்சத்தைப் பிடுங்கிப் போட வேண்டும். தெரியும். குனிந்து கை வைப்பேன், எடுத்துவிடுவேன். கேட்டால், "உயிராச்சே, எப்படிங்க பிடுங்குறது?" என்பேன். பொய். அதே பாத்தியில் கோரையை வேரோடு பிடுங்கி எறிகிறவன்தான் நான். காசு கொடுத்த விதை ஒவ்வொன்றும் பூத்தாக வேண்டும் என்ற பேராசை, வேறொன்றுமில்லை.

நுனி கிள்ளுவதிலும் இதே குணம்தான். ஒரு சாண் வளர்ந்ததும் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும். முதல் மொட்டு தள்ளிப்போகுமே என்று விட்டுவிடுவேன்.

போன மார்கழியில், காற்றுப் புகாத அந்தப் பாத்தியில் சாம்பல் நோய் வந்தது. அடி இலைகளில் விபூதி பூசினாற்போல் வெள்ளைத் திட்டு. விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டிக்கொண்டது. பாதித்த இலைகளைக் கிள்ளியெறிந்து, நாலு செடியையாவது பிடுங்கியிருக்க வேண்டும். நான் நேரே விதைக் கடைக்குப் போனேன். "நோய் விதையத் தலையில கட்டிட்டீங்களே!" என்று வாடிக்கையாளர்கள் எதிரே சத்தம் போட்டேன். அந்தப் பூசணம் காற்றில் பரவுவது, அதற்கு இடம் கொடுத்தது என் நெரிசல் என்பதெல்லாம் கத்தும்போதே எனக்குத் தெரியும். கல்லாவிலிருந்த பையன், "கோவிச்சுக்காதீங்க சார்" என்று வேறு பாக்கெட் எடுத்துக் கொடுத்தான். காசு கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

அதோடு விட்டேனா? சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே ஜினியாவுக்குப் பூசணம் பிடித்ததாம், நம் வாசல் எம்மாத்திரம் என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்தேன். கதை உண்மைதான். 2015 டிசம்பரில் அங்கே ஈரம் கூடி இலைகள் பூசணம் பூத்தன. தப்பிய செடி 2016 ஜனவரியில் பூத்தது. ஆனால் விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி கெட்ட இலைகளை வெட்டியதையும், காற்றாடியை வேகமாகச் சுழலவிட்டதையும், பிறகு செடியின் முகம் பார்த்துத் தண்ணீர் விட்டதையும் மட்டும் விழுங்கிவிடுவேன்.

பையன் கொடுத்த விதையையும் அள்ளித்தான் தூவினேன். அடர்த்தியாக முளைத்திருக்கிறது. அந்தக் கடைப் பக்கம் இப்போது போவதில்லை; வேப்பம் பிண்ணாக்கு வாங்க இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போகிறேன்.