மசால் தண்டும் வைரஸ் தபாலும்

நகரத்துல இருக்கற நண்பர்கள் பலருக்குக் குதிரை மசால் தெரிஞ்சிருக்காது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடற பயறு வகைப் பசுந்தீவனம். விதைச்ச 75, 80 நாள்ல முதல் அறுப்பு. அப்புறம் 25, 30 நாளைக்கு ஒருக்கா அறுக்கலாம். பூ எடுக்கற பருவத்துல அறுத்துப் போட்டா எங்க ரெண்டு கறவை மாடும் மிச்சம் வைக்காது. ஆள் கிடைக்காம ஒரு வாரம் தள்ளிப் போச்சுன்னா, இலையைத் தின்னுட்டுத் தண்டை ஒதுக்கிடும். தண்டுல லிக்னின் ஏறி முத்திப் போயிடுது. மரத்தை மரமா நிக்க வைக்கற சரக்கு அது.

அக்கா மகள் விவசாயக் கல்லூரியில படிக்குது. "மாமா, எந்த மரபணு தண்டை முத்த வைக்குதுன்னு கண்டுபிடிக்க வைரசையே விட்டுப் பாக்கறாங்க"ன்னு சொல்லுச்சு. எனக்குத் திக்னு ஆச்சு. வைரஸ்னா எங்களுக்கு உளுந்துலயும் தட்டைப்பயறுலயும் வர்ற மஞ்சள் தேமல்தான் ஞாபகம். வெள்ளை ஈ கொண்டாந்து விட்டுட்டுப் போகும், காடே மஞ்சளாயிடும்.

அப்புறம் அது விளக்கமாச் சொன்னதும்தான் புரிஞ்சுது. வைரஸ் உள்ள வந்தா செடி சும்மா இருக்கறதில்லைங்க. வைரசோட ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டா வெட்டி, அந்தத் துண்டையே அடையாளமா வெச்சு, அதே மாதிரி இருக்கறதையெல்லாம் தேடி அழிக்கும். விஞ்ஞானிங்க என்ன பண்றாங்கன்னா, வீரியம் குறைச்ச வைரசுக்குள்ள செடியோட மரபணுவுல ஒரு சின்னத் துண்டைச் சேத்து அனுப்பறாங்க. செடி வைரசை வெட்டற கையோட, தன்னோட அந்த மரபணு அனுப்பற செய்தியையும் வெட்டிடுது. மரபணு இருந்த இடத்துலயே இருக்கும், வாய் மட்டும் அடைச்சுப் போகும். அப்ப செடியில என்ன மாறுதுன்னு பாத்தா, அந்த மரபணுவோட வேலை என்னன்னு தெரிஞ்சுடும்.

பட்டாணியில வர்ற ஒரு வைரசை வெச்சு டென்மார்க்ல 2004-ல் இதைச் செஞ்சு காட்டினாங்க. இலையோட பச்சையத்தை வெயில்ல இருந்து காக்கற நிறமி வேணும்ல, அதுக்கான மரபணுவை அடக்கினதும் பட்டாணி இலை வெளுத்துப் போச்சு. நாலு வருசம் கழிச்சு அதே வைரஸ் மெடிக்காகோ ட்ரங்கட்டுலாங்கற செடியிலயும் வேலை செஞ்சுது. அது நம்ம குதிரை மசாலுக்குப் பங்காளி. ஆஸ்திரேலியாவுல மேய்ச்சலுக்கு விதைக்கறாங்க.

"அப்ப எங்க மாடு வைரசைத் திங்குமா?"ன்னு கேட்டேன். "இல்ல மாமா, இது ஆய்வுக்கூடத்துச் செடியோட சரி. கொஞ்ச நாள்ல அடங்கிடும், பெரும்பாலும் விதைக்குப் போகாது"ன்னுச்சு. ஒரு மரபணுவுக்காக மரபணு மாத்தின செடியை வளத்துக் காத்திருக்க வேண்டாம், சில வாரத்துல பதில் வந்துடும். அதுதான் இதுல லாபம்.

ஆனா பதில் கிடைச்ச பிறகு ரெண்டு வழி இருக்கு. அந்த மரபணு இயல்பாவே அடங்கின செடியைத் தேடிப் பிடிச்சு ஒட்டுச் சேத்து ரகம் எடுக்கலாம். இல்லன்னா மரபணுவை அடக்கின நிலையிலயே நிரந்தரமா விதையாக்கலாம். லிக்னின் குறைச்ச மரபணு மாற்ற மசாலை அமெரிக்காவுல 2014-லயே அனுமதிச்சுட்டாங்க. அது கம்பெனி விதை.

வைரஸ் வெச்சு ஆராயறதுல எனக்குப் பயம் போயிடுச்சுங்க. தண்டு முத்தறது பத்து நாள் தள்ளிப் போனாலே எங்களை மாதிரி ஆள் கிடைக்காத குடும்பத்துக்குப் பெரிய உதவி. அந்த ரகம் வர்றப்போ, ஒரு பாத்தியை அறுக்காம விட்டு நானே விதை எடுத்துக்கலாமா, வருசா வருசம் கடையில போய் நிக்கணுமாங்கறதைத்தான் இப்ப யோசிச்சுட்டு இருக்கேன். பால் வாங்கற நீங்களும் இதைக் கேக்கலாம்.