வாயுவின் மேல் பழி

நெஞ்சிலே ஒரு வலி வந்தால் உடனே அதற்குப் பெயர் சூட்டிவிடுகிறோம். "வாயுதான்!" என்கிறோம். ஒரு மடக்கு ஓமத் தண்ணீர், இரண்டு ஏப்பம், வைத்தியம் முடிந்தது. பாவம், வாயு எத்தனை பழியைத்தான் சுமக்கும்!

ஆரணியில் எனக்குத் தெரிந்த பட்டு நெசவாளர் ஒருவர்; ஐம்பதைத் தாண்டியவர். தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டபடி ஒரு நாள் சொன்னார்: "கொஞ்ச நாளா வேகமா மிதிச்சா, நடு நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி அழுத்துது சார். அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்தா போயிடுது. அப்புறம் என்ன?"

அந்தப் "போயிடுது"தான் என்னைக் கலக்கியது. 1768-ஆம் ஆண்டிலேயே லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இதே வலியை விவரித்தார். நடக்கும்போது, அதிலும் மேடேறும்போது நெஞ்சை இறுக்கும், நின்றால் மறைந்துவிடும். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகினால் இப்படி நேரும் என்று பின்னால் வந்த மருத்துவம் கண்டது. ஓய்வில் மறைவது ஆறுதல் அல்ல, அதுவே எச்சரிக்கை.

"பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவேன். விட்டா புடவையே பாழ்."

சொன்னவர் சற்று யோசித்தார். "நாளைக்குப் புடவையை அறுத்துக் கொடுத்துட்டு..." என்று இழுத்தார். தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்து வந்தாள். "புடவை எங்கே போயிடும்? முதல்லே எழுந்திருங்க!"

ஈ.சி.ஜி. சரியாகவே இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. டாக்டர் விடவில்லை, டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்த்தார். அடைப்பு வெளிப்பட்டது.

விரலால் அழுத்தினாலோ உடம்பைத் திருப்பினாலோ கூடுகிற வலி பெரும்பாலும் தசையைச் சேர்ந்தது. ஆனால் அழுத்தம் கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மூச்சுத் திணறினால், ஓய்விலும் விடாமல் நின்றால், 108-ஐ அழைத்துவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி அதிகமின்றி, குமட்டலும் களைப்புமாகவே வருவதும் உண்டு. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இரத்தம் கிடைக்காமல் இறந்த இதயத் தசை மீண்டும் உயிர்பெறாது; அதனால்தான் அத்தனை அவசரம்.

கடைசியில் வாயுதான் என்று தெரிந்தால் மகிழ்ச்சியே. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்; நாம் அல்ல.