எஞ்சிய கொட்டை

ஒரு பொருளைப் பலர் கூடித் துய்க்குமிடத்து, அதனை அகற்றும் உரிமை எவர்க்குரியது? இவ்வினா எனக்குத் தோன்றியது தமிழ் வகுப்பிலன்று. விடுதியில், என் அறைத்தோழர் நள்ளிரவிற் கணினியின் முன் தலைகவிழ்ந்திருந்த பொழுதேயாம்.

அவர் கணினியியல் பயில்பவர். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2006ஆம் ஆண்டில் மாணாக்கர்க்கென ஆக்கிய எக்ஸ்வி6 என்னும் சிறு இயக்க முறைமையின் கெர்னலைத் திருத்துதல் அவர்க்கிட்ட பயிற்சி. மறுநாட் காலை ஒப்புவித்தல் வேண்டும். "இதுவும் தவறினால் இப்படிப்பையே விட்டு ஊர் செல்வேன்" என்றார். அது விளையாட்டுப் பேச்சன்று.

கெர்னல் நினைவகத்தை 4096 பைட்டுக்கொரு பக்கமாகப் பகுத்து வைக்கும். ஒரு புரோகிராம் தன்னைப்போல் மற்றொன்றைப் பிறப்பிக்குங்கால், தாயின் பக்கங்களையெல்லாம் சேய்க்குப் படியெடுத்தல் வீண்செலவு. ஆதலின் தாயும் சேயும் ஒரே பக்கத்தைப் படிக்கும். அவற்றுள் ஒன்று எழுதப்புகின், அப்பொழுதே அதற்குத் தனிப்படி தரப்படும். ஒரு பக்கத்தை எத்தனை புரோகிராம்கள் பற்றியுள்ளன என்பதற்கு ஓர் எண் உண்டு. பற்றின் ஒன்று கூடும். விடின் ஒன்று குறையும். சுழியாயின் பக்கம் பொதுக் களஞ்சியம் சேரும்.

அவ்வெண் குறைந்து நிற்பின், ஒன்று படித்துக்கொண்டிருக்கும் பக்கமே வேறொன்றின் கைக்குப் போய்விடும். மிகுந்து நிற்பின், எதற்கும் உரித்தல்லாப் பக்கங்கள் ஆளில்லா வீடுபோல் வறிதே கிடக்கும். நண்பர்க்கு நேர்ந்தது இரண்டாவது. வெற்றுப் பக்கங்கள் சில காணாமற்போயின என்றே ஒவ்வொரு சோதனையும் முடிந்தது.

யான் கணினிமொழி அறியேன். ஆயினும் சமையற்கூடத்தினின்று ஒரு பிடி புளியங்கொட்டை கொணர்ந்தேன். "நீர் வரிவரியாகப் படியும், யான் கொட்டை வைக்கிறேன்" என்றேன். பக்கத்திற்கு ஒரு காகிதம். அதன்மேல் தாய்க்கு ஒரு கொட்டை. சேய் பிறந்தது, இரண்டாயிற்று. சேய் எழுதப்புகுந்தது, புதுக் காகிதமிட்டு, அதன்மேல் ஒன்று வைத்தேன். சேய் முடிந்தது, புதியதினின்றும் ஒன்றெடுத்தேன். தாய் முடிந்தது, பழையதினின்றும் ஒன்றெடுத்தேன். பழைய காகிதத்தின்மேல் ஒரு கொட்டை எஞ்சியது.

"இது யாருடையது?" என்றேன். நண்பர் விடை கூறாது நெடுநேரம் அதனையே நோக்கினார். புதுப்படி பெற்ற சேய் பழைய பக்கத்தை விட்டதென்று கணக்கிற் குறிக்க அவர் மறந்திருந்தார். வேண்டியது ஒரே வரி. பின்னர், செயலிகள் பல ஒருங்கே அவ்வெண்ணைத் திருத்தாவண்ணம் ஒரு பூட்டும் இடவேண்டுமென அவரே கண்டார். விடியுமுன் சோதனைகள் யாவும் தேறின.

வல்லுநர்க்கும் இக்கணக்குத் தவறியதுண்டு. லினக்ஸ் கெர்னலில், மிகப் பெரிய நினைவகமுள்ள கணினிகளில், இவ்வெண் தன் அளவையே கடந்து பிழைபடக்கூடுமெனக் கண்டு 2019ஆம் ஆண்டில் திருத்தினர்.

நண்பர் ஊர் செல்லவில்லை. பெறுங்கால் எண்ணுதல் எளிது. விட்டதை மறவாது குறித்தலே அரிது. நூலகத்தில் யான் எடுத்த நூலொன்று மூன்று திங்களாய் என் பெட்டியடியிற் கிடந்தது. அதனை அன்று காலையே திருப்பிக் கொடுத்தேன்.