மலைநாட்டில் ஒரு சொல்

2018ஆம் ஆண்டு ஏப்பிரல் விடுமுறையில் குடும்பத்தோடு மலைநாடு காணப் புறப்பட்டோம். யாழ்ப்பாணத்து வண்டியைப் பொல்காவலைச் சந்தியில் விட்டுப் பதுளை வண்டியில் ஏறினோம். நாவலப்பிட்டியைக் கடந்ததும் புகைவண்டி மூச்சு வாங்கத் தொடங்கிற்று. இருமருங்கும் தேயிலைப் பச்சை விரிந்தது. அவ்வழகை வருணிக்கப் பலர் உளர். அட்டனில் இறங்கி, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கண்டதையே இங்கு எழுதுகிறோம்.

தோட்டத்து இலிகிதர் எம்மூரவர்; முப்பது வயதிருக்கும். லயங்களைக் காட்ட ஒரு முதியவரை எம்முடன் அனுப்பினார். ஒரே நீண்ட கூரையின்கீழ் வரிசையாக ஒற்றையறைகள். முதியவர் தம் அறை வாயிலில் எம்மை இருத்தி, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கய்யா" என்றார். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த தம் முன்னோரைப்பற்றிக் கூறினார். தாம் பிறந்த 1948ஆம் ஆண்டிலேயே பிறந்த பிரசாவுரிமைச் சட்டம் தம் குடும்பத்தை நாடற்றதாக்கியதையும், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே தமக்கு அவ்வுரிமை கிட்டியதையும் குரலுயர்த்தாது சொன்னார். கேட்டு நெஞ்சம் உருகினோம்.

அன்றிரவு மகள் கேட்டாள்: "அப்பா, கிளாக்கரை 'நீங்கள்' எண்டு கதைச்சியள். அந்தத் தாத்தாவை ஏன் 'நீர்' எண்டனியள்? அவருக்கு அப்பப்பாவின்ரை வயசல்லோ?"

மாணவர்க்கு மரியாதைப் பன்மை கற்பிப்பவர் நாம்! வேண்டுமென்று சொன்னோமில்லை, சொன்னதையே அறிந்தோமில்லை. உருகிய நெஞ்சும் 'நீர்' என்ற நாவும் ஒருவருடையனவே.

உறக்கம் வரவில்லை. எம் சிறுபிராயத்தில் வீட்டு வேலைக்கென மலைநாட்டிலிருந்து ஒரு சிறுவனைக் கொணர்ந்திருந்தனர். எம் வயதினன். நாம் அவனை "எடே" என்போம். அவன் எம்மை "ஐயா" என்பான். பெரியோர் எவரும் அதனைத் திருத்தியதில்லை. அவன் முகம் இன்று நினைவுக்கு வர மறுக்கிறது. "எடே" மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் விடைபெறச் சென்றோம். "நீங்கள் சுகமாக இருக்கவேண்டும்" என்றோம். பாடம் ஒப்பிப்பது போலத்தான் வந்தது. முதியவர் வேற்றுமை எதனையும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. மகளின் கையில் ஒரு தேயிலைப் பொட்டலத்தை வைத்தார்.

திரும்பும் வண்டியில், நரைத்த தலையுடைய ஒருவர் கூடையுடன் வடை விற்றுவந்தார்.

"நாலு வடை தாரும்" என்றோம்.

மகள் எம்மை நிமிர்ந்து பார்த்தாள்.