மதுரோ: ஒரு கறுப்புச் சுருட்டும் என் மார்க் ஷீட்டும்

டிஸ்கி: இது யாரையும் சுருட்டு குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. ஏன் இல்லைன்னு கீழே வரும்.

மதுரோன்னதும் மதுரைப் பக்கத்து ஆளுன்னு நினைச்சுடாதீங்க. வெனிசுவேலா அரசியல்வாதியும் இல்லை. ஸ்பானிய மொழியில் மதுரோ என்றால் 'பழுத்தது'. சுருட்டின் மேலே சுத்தியிருக்கும் இலை, அதாவது ரேப்பர், நல்லா கறுத்த பழுப்பு நிறத்தில் இருந்தால் அது மதுரோ. கருப்பட்டியில் லேசா எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு.

நான் பொட்டி தட்டுறது அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் பக்கம். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஊர், அதனால் நம்மாளுங்களும் ஜாஸ்தி. ஆனா இதே ஊரைச் சுத்தியிருக்கும் ஆத்துப் படுகையில்தான் உலகத்தின் பேர் போன சுருட்டு இலைகளில் ஒன்று விளையுது. விண்ட்சர், சஃபீல்ட் பக்கம் காரில் போனால் வயல் நடுவில் நீள நீளமான மரக் கொட்டகைகள் தெரியும். பக்கவாட்டுப் பலகைகளைக் காத்துக்காகத் திறந்து விட்டிருப்பாங்க. உள்ளே புகையிலை தொங்கும்.

இங்கே பேர் வாங்கினது ரெண்டு ஜாதி. ஒண்ணு, வெயில் படாம துணிப்பந்தல் போட்டு வளர்ப்பது. மெல்லிசா, வெளிர் நிறமா இருக்கும். இன்னொண்ணு ப்ராட்லீஃப். நேர் வெயிலில் வளர்வது, ஆகஸ்ட் வாக்கில் செடியை அடியோடு வெட்டி அப்படியே தலைகீழா தொங்க விடுவாங்க. தடிமனான இலை. மதுரோவுக்கு இதுதான் ராஜா. மெக்ஸிகோவின் சான் ஆந்த்ரெஸ் இலையும் பிரேசில் இலையும் உண்டு, ஆனா நான் இந்த ஊர் உப்பைத் தின்கிறவன் :-)

கறுப்பு எப்படி வருது? காய்ந்த இலையை ஈரப்படுத்திப் பெரிய போராகக் குவிப்பாங்க. ஈரமா போர் போட்ட வைக்கோல் உள்ளே சூடாகும், பார்த்திருக்கீங்கல்ல? அதே கதைதான். உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே போகும். அம்மோனியா வாடை மூக்கைத் துளைக்கும். ரொம்ப சூடாறதுக்குள்ள பிரிச்சு, உள்ளே இருந்ததை வெளியே மாத்தி, மறுபடி குவிக்கணும். மாசக்கணக்கில் இந்தக் கூத்து. மெல்லிய இலை இந்தச் சூட்டில் நைஞ்சு போயிடும், ப்ராட்லீஃப் தாங்கும். காரல் குறைஞ்சு, ஒரு இனிப்பு வாசனை மேலே வரும். சில மலிவுச் சரக்கில் இலையை வேக வெச்சோ சாயம் போட்டோ கறுப்பாக்கிடுவாங்க. நிறம் வரும், ருசி வராது.

இன்னொரு விஷயம், கறுப்பா இருந்தா போதை ஜாஸ்தின்னு அர்த்தமில்லை. அது உள்ளே வைக்கிற இலையைப் பொறுத்தது.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த ஊரில் குழந்தை பிறந்தால் அப்பன்காரன் சுருட்டு குடுக்கிற பழக்கம் உண்டு. எங்க ப்ராஜெக்ட்டும் கிட்டத்தட்ட சிசேரியன் பண்ணித்தான் வெளியே வந்துச்சு. அந்தச் சந்தோஷத்தில் க்ளையன்ட் மேனேஜர் ஆளுக்கொரு மதுரோ குடுத்தார். கடையில் விசாரிச்சா ஒண்ணு 17 டாலர்! பேர் சொன்னா விளம்பரமாயிடும், வேண்டாம். நிகராகுவாவின் எஸ்தெலி நகரத்தில் சுத்தினது. கியூபப் புரட்சிக்கு அப்புறம் நாட்டை விட்டு வந்தவங்க 1960களில் அங்கே ஆரம்பிச்ச தொழில் அது. இங்கே விளைஞ்ச இலை அங்கே போய் உருட்டப்பட்டு, திரும்ப இங்கேயே விலைக்கு வருது. பக்கா ஆன்சைட்-ஆஃப்ஷோர் மாடல்.

நுனித் தொப்பியை மெல்லிசா வெட்டி, பத்த வைக்காம ஒரு இழுப்பு. உலர்ந்த திராட்சை வாசம். அப்புறம் தீயைத் தொட விடாம, காட்டிக் காட்டி அடிப்பாகத்தை வாட்டணும். புகையை நெஞ்சுக்குள்ள இழுக்கக் கூடாது, வாயோட சரி. நிமிஷத்துக்கு ஒண்ணுதான். அவசரப்பட்டா சூடேறிக் கசந்துடும்.

முதல் பாகம்: மிளகு. நாக்கு நுனியில் சுரீர். நடுப்பாகம்: இதுக்குத்தான் காசு. கருக வறுத்த காப்பிக் கொட்டை, கருப்பட்டிப் பாகு, முதல் மழை மண். கொஞ்சம் புகையை மூக்கு வழியா விட்டால் ஏதோ மர வாசனை. கடைசிப் பாகம்: காரம் ஏறுது, தலை லேசா கிர்ர்ர். ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டதும் சரியாச்சு.

கடை அட்டையில் இதையே 'தோல், தேவதாரு, எஸ்ப்ரெஸோ' என்று எழுதியிருந்தான். நான் எந்தக் காலத்தில் தோலைத் தின்னேன்?

எங்க தாத்தாவுக்கும் இந்த மாதிரி வார்த்தைகள் இருந்துச்சு. உறையூர்ச் சுருட்டைக் கட்டா வாங்குவார். 'இழுப்பு சரியில்ல', 'இலை பச்ச வாடை அடிக்குது', 'இது நின்னு எரியுதுடா' என்பார். அந்த மூணுக்கும் இங்கே தனித்தனியா மார்க் போடறாங்க! சுருட்டுங்கற நம்ம வார்த்தைதான் இங்கிலீஷில் 'ஷெரூட்' ஆச்சு. 1887ல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலிலேயே, கொலைகாரன் குடிச்சது திருச்சிச் சுருட்டுன்னு சாம்பலை வெச்சே அவர் கண்டுபிடிப்பார். ஆனா எங்க வீட்டில், பேங்க் ஆளுங்க யாராவது வந்தால் அப்பா தாத்தாவைப் பார்த்து, "கொல்லப்பக்கம் போயி குடிங்கப்பா" என்பார். தாத்தா பதில் பேசாம எழுந்து போவார். நான் கண்ணாடிச் சுவர் வெச்ச லௌஞ்சில், தோல் சோபாவில் உட்கார்ந்து அதே ஜாதி இலையைத்தான் குடிச்சேன். எல்லாரும் கை குடுத்தாங்க.

அப்பா மேலயும் குத்தம் இல்லை. தாத்தா போனது வாய்ப் புற்றுநோயில், கன்னத்தில். கடைசி ரெண்டு மாசம் கஞ்சி கூட இறங்கலை. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் சுருட்டால் வரும். பெரிய சுருட்டு ஒண்ணில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கலாம். 17 டாலர் குடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

என் மார்க் ஷீட்:
தோற்றம் – 9/10
இழுப்பு – 9/10
எரிதல் – 8/10. சாம்பல் ஒரு அங்குலம் விழாம நின்னுச்சு.
ருசி – 9/10. நடுப்பாகத்துக்காக.
மறுபடி வாங்குவேனா – மாட்டேன்.

அப்பாகிட்ட போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "இழுப்பு எப்படிடா இருந்துச்சு?"